விளையாடவா பணம் கட்டுகிறோம்?

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று தெரிந்து ஒரு வருடம் ஆகிறது. முதலில் போன சென்டரில் நாற்காலியில் உட்கார வைத்து ‘மூக்கைத் தொடு’, ‘சிவப்பைக் காட்டு’ என்பார்கள். செய்தால் ஜெம்ஸ் மிட்டாய். வாசலைப் பார்த்தாலே அழுதான். இப்போது அம்பத்தூரில் வேறு இடம். தெரபிஸ்ட் அவனோடு தரையில் உட்கார்ந்து பொம்மை ரயிலை உருட்டுகிறார். அழுகை நின்றுவிட்டது. ஆனால் மாமியார், ‘விளையாடவா இவ்வளவு பணம் கட்டுறீங்க?’ என்கிறார். கணவருக்கும் அதே சந்தேகம். அவன் இஷ்டத்துக்கே விட்டால் எப்படிக் கற்றுக்கொள்வான்?

— ஒரு வாசகி, அண்ணனூர்

பதில்: மாமியார் கேட்டதில் தப்பே இல்லை. நல்ல தெரபிஸ்ட் வேலை செய்யும்போது பார்ப்பவருக்கு அது விளையாட்டாகத்தான் தெரியும். அடுத்த முறை அனுமதி கேட்டு உள்ளே உட்காருங்கள். மகனை விட்டுவிட்டு தெரபிஸ்டின் கைகளையே கவனியுங்கள். ஓடும் வண்டியை நடுவில் மறித்து நிறுத்துவார். அவன் நிமிர்ந்து பார்க்கிறானா, கையைத் தள்ளுகிறானா, ‘போ’ சொல்ல உதடாவது குவிகிறதா என்று மனதுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருப்பார். ஏதோ ஒன்று வந்ததும் ‘போ!’ என்று சொல்லிக் கையை எடுப்பார், வண்டி ஓடும். அந்த ஓட்டமே அவனுக்குக் கிடைக்கும் பரிசு. மூக்கைத் தொடுவதற்கும் ஜெம்ஸுக்கும் என்ன சம்பந்தம்? ‘போ’ என்றால் வண்டி போகும் என்று கண்டுகொண்ட பிள்ளை, அதை ஊஞ்சலிலும் ஆட்டோவிலும் சொல்லிப் பார்ப்பான். எதில் தொடங்குவது என்பதை அவன் தீர்மானிக்கிறான்; அங்கிருந்து எங்கே கூட்டிப்போவது என்பதைத் தெரபிஸ்ட் தீர்மானிக்கிறார்.

முதல் சென்டரில் நீங்கள் பார்த்த மேஜைப் பயிற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் தனிப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் படிக்கும் நிலைக்கு வந்தார்கள் என்று 1987-ல் அமெரிக்காவின் இவார் லோவாஸ் எழுதினார். இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவே முடியாது என்றிருந்த நம்பிக்கையை அது அசைத்தது. அதட்டலும் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியில் இருந்தன. அதையும் சொல்லியாக வேண்டும். லோவாஸுடன் வேலை செய்த ராபர்ட் கோகெல், லாரா ஷ்ரைப்மேன் போன்றவர்களே பிறகு, பிள்ளையின் ஆசையிலிருந்து தொடங்கும் வேறு வழியைத் தேடினார்கள். மேஜையில் கற்றது மேஜையோடு நின்றுபோவதை அவர்கள் கண்டிருந்தார்கள். சாலி ரோஜர்ஸும் ஜெரால்டின் டாசனும் உருவாக்கிய ‘எர்லி ஸ்டார்ட் டென்வர்’ முறையும் இந்த வழியில் வந்ததுதான்.

உங்கள் வீட்டுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று இருக்கிறது. கோவாவின் சங்காத் அமைப்பும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஒரு குழுவும் சேர்ந்து 65 குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2016-ல் வெளியானது. வீட்டுக்கு வந்தவர்கள் நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அம்மாவுடனேயே பார்த்து, ‘இந்த இடத்தில் அவன் உங்களைத் தேடினான், பாருங்கள்’ என்று காட்டினார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஈடுகொடுப்பது கூடியது. பிள்ளைகள் தாமாகப் பேச்சையோ சைகையையோ தொடங்குவதும் கூடியது. பெரிய சென்டர் இல்லாத ஊரிலும் இது நடக்கும் என்பதால் எனக்கு இந்த ஆய்வு மிகவும் முக்கியம்.

நீங்கள் இருப்பதோ அண்ணனூரில், பணிமனையும் ரயில் பாதையும் இருக்கும் ஊரில். ரயிலில் ஆசையுள்ள பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வகுப்பறை வேண்டும்? சாயங்காலம் ஸ்டேஷனில் பாதுகாப்பான இடத்தில், அவன் கையைப் பிடித்தபடி நில்லுங்கள். ‘இது என்ன கலர், எத்தனை பெட்டி’ என்று பரீட்சை வைக்காதீர்கள். வண்டி தெரிந்ததும் ‘வருது’, கடந்ததும் ‘போச்சு’. அவ்வளவே போதும். சில நாள் கழித்து, ‘வருது’ சொல்லும் முன் கொஞ்சம் காத்திருந்து அவன் முகத்தைப் பாருங்கள். விரல் நீட்டினாலும் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: காத்திருப்பு விளையாட்டோடு நிற்கட்டும். பசிக்கும் பிள்ளையிடம் ‘இட்லி’ என்று சொன்னால்தான் தருவேன் என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது கொடுமை.

யாராவது ‘வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்’ என்றிருந்தால் அதை விட்டுவிடுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டி கொஞ்சுவது தமிழில்தானே? அது அவனுக்கு வேண்டும்.

எல்லாவற்றையும் அவன் ஆசையை வைத்தே கற்றுத்தர முடியாது. சாலையைக் கடப்பது, டாய்லெட் பழக்கம் போன்றவற்றை அன்போடு, படிப்படியாக, நாம்தான் முன்நின்று பழக்க வேண்டும். ஆட்டிசம் இதனால் மறைந்துவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அப்படி வாக்குக் கொடுப்பவரிடமிருந்து விலகியிருங்கள்.

உங்கள் கணவரின் சந்தேகத்தை சென்டரிலேயே கேட்டுவிடுவது நல்லது. தெரபிஸ்ட் ஸ்பெஷல் எஜுகேட்டராகவோ பேச்சுப் பயிற்சியாளராகவோ இருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கான இலக்குகளை எழுத்தில் வாங்குங்கள். ‘தானாக வந்து கை பிடித்து இழுக்கிறான்’, ‘ரயில் இல்லாத விளையாட்டிலும் போ என்கிறான்’ என்பது போல, வீட்டில் நீங்களே பார்த்துச் சொல்லக்கூடியவையாக அவை இருக்கட்டும். சந்தோஷத்தில் கையை உதறுவதை நிறுத்துவது அந்தப் பட்டியலில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு செஷனுக்கு மாமியாரையும் அழைத்துப்போங்கள். பெற்றோர் உள்ளே வரவே கூடாது என்று கதவை மூடும் இடமாக இருந்தால், அங்கே பணம் கட்டாதீர்கள்.