டாலருக்கு இரட்டை டாலர்

டெர்மினலில் ஒழுங்காக ஓடிய கட்டளை, மேக்ஃபைலுக்குள் போனதும் ஏறுமாறாகிறதா? முதலில் டாலர் குறியைச் சந்தேகியுங்கள். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்', கட்டளையை ஷெல்லிடம் கொடுக்கும் முன் $ குறியைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். அடைப்புக்குறி இல்லாவிட்டால், அடுத்துள்ள ஒரே எழுத்தைத் தன் மாறியின் பெயராகக் கருதும்.

'ஆக்' கட்டளையில் முதல் பத்தியை மட்டும் கேட்டு $1 என்று எழுதினால், மேக் அதை வெறுமையாக்கிவிடும். முழு வரியும் அச்சாகும். பிழைச் செய்தியும் வராது, அதுதான் வம்பு. ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தாலும் பயனில்லை. மேற்கோளை மதிப்பது ஷெல்தான், மேக் அல்ல. $$1 என்று எழுத வேண்டும்.

# குறி வேறு ரகம். மாறிக்கு மதிப்பு தரும் வரியில் வந்தால், அதற்குப் பின்னுள்ளதெல்லாம் குறிப்புரையாகக் கழிந்துபோகும். முன்னால் \ போட்டால் தப்பும். கட்டளை வரியிலோ அது அப்படியே ஷெல்லுக்குப் போகும். அங்கே மேற்கோள் காப்பாற்றும்.

சோதிக்க, மேக்கை '-என்' சுவிட்சுடன் ஓட்டுங்கள். ஷெல்லுக்குப் போகவிருக்கும் வரிகளைத் திரையில் காட்டிவிட்டு நின்றுகொள்ளும். ஆனால் + குறியுடன் தொடங்கும் வரிகள் அப்போதும் ஓடிவிடும். கோப்பை அழிக்கும் கட்டளை அவற்றில் இருந்தால் கவனம்.