சுட்ட மண்ணும் சிறுவர் தூரிகையும்

கந்தரோடையில் 1970ஆம் ஆண்டின் அகழ்வில் வெளிப்பட்ட கறுப்பு-சிவப்பு மட்கலங்களுக்கு நிறமளித்தது தூரிகையன்று, நெருப்பே. சூளையிற் காற்றுப்பட்ட பகுதி சிவந்தது. காற்றுப்படாத பகுதி கறுத்தது.

பள்ளிச் சிறுவரின் களிமண் உருவங்களுக்கு வண்ணந் தீட்டுவிக்கும் ஆசிரியர்க்கும் இவ்வுண்மை வழிகாட்டும். சுட்ட மண் தனக்கென நிறமுடையது; அதனை முழுவதும் மூடவேண்டுவதில்லை.

உருவத்தை ஆறவிட்டு, தூசி துடைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் தீட்டுக. மண்ணின் நுண்துளைகள் நீரை உறிஞ்சுமாதலின் முதற்பூச்சு மங்கும்; அது காய்ந்தபின் மறுபூச்சிடுக. ஈற்றில் வார்னிசினை மெல்லிதாகப் பூசுக. இவ்வண்ணம் நெருப்பில் உருகி மண்ணோடு ஒன்றியதன்று. ஆகவே அத்தகைய கலத்தில் உணவோ நீரோ வைத்தலாகாது.

பிள்ளையின் விரற்பதிவைத் தடித்த பூச்சால் மறைத்து ஆசிரியர் தம் திறனைக் காட்டுதலினும், கோணலாயினும் அதனை அவ்வாறே விடுதல் நன்று. அப்பதிவே பிள்ளை கற்றதற்குச் சான்று.