குடல் கசிகிறதா? சோதனைக்குப் பணம் கட்டும் முன்

வயிற்று உப்புசம், அடிக்கடி பேதி, சாப்பிட்டதும் அசதி. இவை எல்லாவற்றுக்கும் "உங்கள் குடல் கசிகிறது" என்பதுதான் காரணம் என்று சொல்லும் காணொளிகள் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். ஆங்கிலத்தில் இதை 'லீக்கி கட்' என்கிறார்கள். பெரும்பாலும் காணொளியின் முடிவில் ஒரு சோதனைப் பெட்டியோ ஒரு டப்பா சத்துமாவோ விற்பனைக்கு இருக்கும். இதில் எது உண்மை, சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது, உங்கள் வயிற்றுக்கு என்ன செய்யலாம் என்பதை இங்கே படிக்கலாம்.

கசிவு என்றால் ஓட்டை இல்லை

கசிவு என்றதும் மழையில் ஒழுகும் கூரைதான் நினைவுக்கு வரும். தமிழில் இந்தச் சொல் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறது. குடலில் ஓட்டை விழுவது வேறு. அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஆபத்து. நாம் பேசுவது அதுவல்ல. குடலின் உட்சுவர் வழியாகப் பொருள்கள் வழக்கத்தைவிட எளிதாக ஊடுருவுவதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். அதன் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள். உங்கள் வீட்டுக் குளியலறைத் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகளுக்கு இடையே சிமெண்ட் பூசி அடைத்திருப்பார்கள். அதுபோல ஒவ்வோர் உயிரணுவுக்கும் அடுத்ததற்கும் இடையே இறுக்கமான இணைப்பு உண்டு. ஆனால் குளியலறைப் பூச்சு அசையாது. குடலின் இணைப்புகள் தேவைக்கேற்பச் சற்றுத் திறந்து மூடும். தண்ணீரும் உப்பும் உள்ளே போக வேண்டும். கிருமிகளும் செரிக்காத பெரிய துகள்களும் உள்ளே போகக் கூடாது. ஆகவே எல்லாருடைய குடலும் ஓரளவு "கசியத்தான்" செய்யும். அந்த உயிரணுக்களும் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதியவை அவற்றின் இடத்துக்கு வருகின்றன.

இணைப்புகள் அளவுக்கு மீறித் தளர்வதும் உண்டு. கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், குடலில் அழற்சி உண்டாக்கும் குரோன் நோய், கடுமையான குடல் தொற்று, சில புற்றுநோய் மருந்துகள், மிதமிஞ்சிய மது ஆகியவற்றில் இது காணப்படுகிறது. நோய் வந்ததால் சுவர் தளர்ந்ததா, சுவர் தளர்ந்ததால் நோய் வந்ததா என்பது பல நோய்களில் இன்னும் முடிவாகவில்லை. அதனால்தான் மருத்துவர்கள் "கசியும் குடல்" என்று தனியாக ஒரு நோயின் பெயரை எழுதுவதில்லை. நீரிழிவு, மூட்டுவாதம், மறதி எல்லாவற்றுக்கும் இதுவே வேர் என்று சொல்வதற்குப் போதிய சான்று கிடையாது.

முட்டிவலி மாத்திரையைக் கவனியுங்கள்

காணொளிகள் அதிகம் பேசாத ஒன்று உங்கள் மருந்துப் பையில் இருக்கலாம். டைக்குளோஃபெனாக், நேப்ராக்சன், மெஃபெனாமிக் ஆசிட், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையையும் சிறுகுடலையும் பாதிக்கக்கூடியவை. குடல் சுவரின் ஊடுருவலை அதிகரிப்பதோடு, புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம். வயது கூடக்கூட இந்த ஆபத்தும் கூடுகிறது. பாராசிட்டமோல் இந்த வகை மாத்திரை அல்ல.

மருத்துவர் எழுதிக்கொடுத்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம். குறிப்பாக, இதயத்துக்காகச் சிறிய அளவில் சாப்பிடும் ஆஸ்பிரினை நிறுத்தினால் வேறு ஆபத்து வரும். ஆனால் முன்பு மிச்சமிருந்த மாத்திரையையோ அக்கம்பக்கத்தார் கொடுத்ததையோ தினமும் போட்டுக்கொண்டிருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு "முழுக்க முழுக்க மூலிகை" என்று விற்கப்படும் சில பொருள்களில் வலி மருந்தும் ஸ்டீராய்டும் கலந்திருந்ததை சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஒரே நாளில் வலி மாயமாக மறைந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

மூன்று சோதனைகள்

முதலாவது, இரண்டு சர்க்கரைச் சோதனை. இது ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் முறை. இரவு முழுவதும் பட்டினி இருந்து, காலையில் லாக்டுலோஸ், மானிட்டோல் என்ற இரண்டு வகைச் சர்க்கரை கரைத்த நீரைக் குடிக்க வேண்டும். பிறகு ஐந்தாறு மணி நேரம் போகும் சிறுநீரை எல்லாம் சேகரிக்க வேண்டும். மானிட்டோல் சிறியது, ஓரளவு உள்ளே போய்விடும். லாக்டுலோஸ் பெரியது, மிகக் கொஞ்சமே போகும். மலச்சிக்கலுக்குக் குடிக்கும் இனிப்பான சிரப் நினைவிருக்கிறதா, அதே லாக்டுலோஸ்தான். உடலுக்குள் அதிகம் போகாமல் குடலிலேயே தங்குவதால்தான் அது மலத்தை இளக்குகிறது. சிறுநீரில் மானிட்டோலுடன் ஒப்பிட லாக்டுலோஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, சுவர் தளர்ந்திருக்கிறதா என்று மதிப்பிடுவார்கள்.

யோசனை நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தாலோ, வயிறு காலியாக நேரமானாலோ, சிறுநீர் முழுவதையும் சேகரிக்க முடியாவிட்டாலோ கணக்கு மாறிவிடும். வயதானவர்களில் பலருக்கு இவற்றில் ஒன்றாவது இருக்கும். காளானிலும் காலிஃபிளவரிலும் சர்க்கரையில்லாத சில மிட்டாய்களிலும் மானிட்டோல் இருப்பதால் அதுவும் குழப்பும். இவ்வளவு சிரமப்பட்டு எண் கூடுதலாக வந்தாலும், காரணம் என்ன என்று அது சொல்லாது. அதனால் இது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது, சொனுலின் சோதனை. இணையத்தில் அதிகம் விற்பது இதுதான். உயிரணுக்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளைத் தளர்த்தும் இந்தப் புரதத்தை 2000ஆம் ஆண்டில் அலெசியோ ஃபசானோவின் குழு அறிவித்தது. அது அறிவியல். பெட்டியில் வருவது வேறு கதை. 2018ல் வெளியான ஓர் ஆய்வு, பரவலாகப் பயன்பட்ட ஒரு சோதனைப் பெட்டி சொனுலினை அளக்கவே இல்லை, வேறு புரதங்களைத்தான் அளந்தது என்று காட்டியது. எதை அளந்தது என்றே தெரியாத எண்ணை நம்பி உணவை மாற்றுவது வீண்.

மூன்றாவது, ஐஜிஜி எனப்படும் உணவு ஒவ்வாமைப் பட்டியல். ஒரு துளி இரத்தத்தில் நூற்றுக்கணக்கான உணவுகளைச் சோதித்து, சிவப்பு நிறத்தில் அச்சிட்டுத் தருவார்கள். ஐஜிஜி என்பது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம். ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கான அடையாளம் அல்ல. ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. தினமும் பருப்பும் தயிரும் முட்டையும் சாப்பிடுபவருக்குப் பட்டியலில் அவையே சிவப்பாக வரக்கூடும். அவற்றை விட்டுவிட்டால் எழுபது வயதில் தசையைக் காக்கும் புரதத்தை எங்கிருந்து பெறுவது?

மருத்துவர் எதைத் தேடுவார்?

குடும்ப மருத்துவரோ பலதுறை மருந்தகமோ "கசிவை" அளக்காமல் அதற்கும் உங்கள் தொல்லைக்கும் என்ன காரணம் என்று தேடும். பல நேரங்களில் காரணம் சாதாரணமானது. நீரிழிவுக்குச் சாப்பிடும் மெட்ஃபோர்மின் பலருக்கு உப்புசமும் பேதியும் தரும்; மருத்துவர் அளவையோ மாத்திரையின் வகையையோ மாற்றித் தரலாம். வயதாக ஆக நம்மில் பலருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிப்பதில்லை. நாளுக்கு நான்கு முறை பால் விட்ட தேநீர் குடிப்பவர் இரண்டு வாரம் அதை நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். தைராய்டு கோளாறும் காரணமாகலாம்.

தேவைப்பட்டால் இரத்தசோகைக்கும் சீலியாக் நோய்க்கும் இரத்தச் சோதனை, தொற்றுக்கும் அழற்சிக்கும் மலச் சோதனை, பெருங்குடல் உள்நோக்குச் சோதனை என்று மருத்துவர் முடிவு செய்வார். சீலியாக் சோதனைக்கு முன் சப்பாத்தியையும் ரொட்டியையும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கசியும் குடல் என்ற பெயரை நம்பி ஆறு மாதம் சத்துமாவு குடிப்பதில் பணம் போவது மட்டும் இழப்பு அல்ல. பெருங்குடல் புற்றுநோய் சிங்கப்பூரில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. முன்கூட்டியே கண்டால் குணமாகும் வாய்ப்பு அதிகம். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, சில வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, விடாத களைப்பு, வயிற்றில் கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். தார்போலக் கறுத்துப் பிசுபிசுக்கும் மலமும் இரத்தக் கசிவைக் குறிக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் அதைச் சாப்பிடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். அதிக இரத்தம் போனாலோ, கடும் வயிற்றுவலியோடு மயக்கம் வந்தாலோ 995ஐ அழையுங்கள்.

எந்த அறிகுறியும் இல்லாத, 50 வயதைக் கடந்த எல்லாரும் ஆண்டுக்கு ஒருமுறை எஃப்ஐடி எனும் மலச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். வீட்டிலேயே மாதிரி எடுத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை அது கண்டுபிடிக்கும். அறிகுறி உள்ளவர்கள் இதை நம்பிக் காத்திருக்காமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது

வீட்டிலுள்ள மாத்திரை, தைலம், லேகியம், சத்துமாவு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வயிறு தொல்லை கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் பேரப்பிள்ளைகளை எழுதித் தரச் சொல்லலாம். மலத்தைப் பற்றி மகன், மகள் எதிரில் பேசக் கூச்சமாக இருந்தால், சிறிது நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிச் சோதனை செய்திருந்தால் அந்த முடிவையும் மறைக்காமல் கொண்டு போங்கள். அதைப் பார்த்து நீங்கள் எந்தெந்த உணவை விட்டீர்கள் என்பதும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.