ஓட்டத்தில் வரும் கால் நோவு: தேசிய சேவைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

தேசிய சேவையில் சேரும் நாளைக் குறித்த கடிதம் வீட்டுக்கு வந்துவிட்டால் போதும், அதுவரை பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத பிள்ளை மறுநாள் சாயங்காலமே காலணியை மாட்டிக்கொண்டு ஓடக் கிளம்பிவிடுகிறான். அது நல்ல காரியந்தான். புலாவ் தேக்கோங்கில் ஒன்பது வாரம் அடிப்படைப் பயிற்சி, அதன் முடிவில் மூட்டை முடிச்சுடன் 24 கிலோமீட்டர் நடை. இதற்கெல்லாம் தேகத்தை முன்கூட்டியே பழக்காமல் போவது புத்தியுள்ள செயல் அன்று. அன்றியும், சேருவதற்கு முன்பே ஐ.பி.பி.டி. சோதனையில் 61 புள்ளிகள் எடுத்தால் சேவைக் காலத்தில் இரண்டு மாதம் வரை குறையலாம் என்ற ஆசையும் இருக்கிறது. அந்தச் சோதனையில் புஷ்-அப், சிட்-அப் இரண்டோடு 2.4 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. ஓட்டத்தில்தான் நம் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள்.

ஆறு மாதத்தில் செய்ய வேண்டியதை ஆறு வாரத்தில் முடிக்க நினைத்தால் முதலில் முறையிடுவது கால்தான். அந்த முறையீட்டைக் கேட்டுப் புரிந்துகொள்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் விஷயம். நான் வைத்தியனல்லன், கடைக்காரன். ஆனால் கடைக்கு வந்து தைலம் கேட்கும் வாலிபர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவர்களுக்காக டாக்டர்களிடம் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

இந்த நோவு பட்டாளத்துக்குப் புதிதல்ல. 1855-ம் ஆண்டிலேயே பிரைத்தாப்ட் என்ற பிரஷ்ய நாட்டுப் பட்டாள வைத்தியர், நெடுந்தூரம் நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார். காரணம் என்னவென்று அப்போது சரியாகத் தெரியவில்லை. 1895-ல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு, 1897-ல் அப்படிப்பட்ட பாதங்களைப் படம் பிடித்துப் பார்த்தபோதுதான் உள்ளே எலும்பில் விரிசல் இருப்பது தெரிய வந்தது. விழவில்லை, இடிக்கவில்லை, வெறும் நடையிலேயே எலும்பு விட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு "மார்ச் ஃபிராக்சர்" என்றே பெயர் வந்துவிட்டது.

நடந்தே எலும்பு விரிசல் விடுமா என்று கேட்பீர்கள். எலும்பு கல்லைப்போல் உயிரற்ற பொருளன்று. வழக்கத்துக்கு மேல் பாரம் விழும்போது அது தன்னைத்தானே பழுது பார்த்துப் பலப்படுத்திக்கொள்கிறது. கிட்டங்கியில் தேய்ந்துபோன பலகைத் தளத்தைத் தச்சர் மாற்றுவதை எண்ணிப் பாருங்கள். முதலில் பழைய பலகையைப் பெயர்த்தெடுப்பார், பிறகுதான் புதியதை அடிப்பார். எலும்பும் அப்படியே, பழையதைக் கரைத்த பிறகே புதியதை வைக்கிறது. புதியது கெட்டிப்படச் சில வாரங்கள் ஆகின்றன. அந்த இடைவேளையில் தளத்தின்மேல் அரிசி மூட்டையை உருட்டினால் என்னவாகும்? ஓட ஆரம்பித்த மூன்றாம் நான்காம் வாரத்தில், மூச்சு நன்றாகப் பழகி, இன்னும் ஓடலாம் என்று உற்சாகம் பொங்கும் வேளையில், எலும்பு பெரும்பாலும் அந்த ஸ்திதியில்தான் இருக்கிறது. நெஞ்சும் நுரையீரலும் முந்திவிடுகின்றன, எலும்பு பின்தங்கிவிடுகிறது. உபாதைகள் பலவற்றுக்கு இதுவே மூலம்.

முழங்காலுக்குக் கீழே முன்புறம் கையால் தடவினால் தட்டுப்படுவது கணைக்கால் எலும்பு. ஓடுகிற பிள்ளைகளுக்கு அதிகமாக வலிப்பது அதன் உட்புற ஓரம். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் பிரித்தறிவது மிக அவசியம்.

முதல் வகையை "ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்" என்கிறார்கள். எலும்பின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே போனால் ஓர் அங்குலமல்ல, ஐந்து சென்டிமீட்டருக்கும் மேலாக நீளவாக்கில் வலிக்கும். ஓடத் தொடங்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் குறைந்து, பிறகு மறுபடி தலைகாட்டுவதும் உண்டு. இரண்டாவது வகை விரிசல். இதில் வலி ஒரே இடத்தில், "இங்கேதான்" என்று ஒரு விரலால் சுட்டிக்காட்டும்படி இருக்கும். ஓட ஓடக் கூடும். நாளாக ஆக நடக்கும்போதும் வலிக்கும், படுத்திருக்கும்போதும் குடையும். அந்த இடத்தில் சிறு வீக்கமும் காணலாம். முதல் வகையைக் கவனியாமல் ஓடிக்கொண்டேயிருந்தால் விரிசலில் கொண்டுபோய் விடவும் கூடும்.

இன்னொன்று, தொடையிடுக்கில் வரும் வலி. ஓடும்போதும் காலூன்றும்போதும் தொடையிடுக்கில் ஆழமாக வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் இருந்து, அது முழுவதும் முறிந்துவிட்டால் அறுவை சிகிச்சைவரை போய்விடும். சதைப்பிடிப்பு என்று எண்ணி உருவிவிடக் கூடாத இடம் அது.

நம் பகுதியில் ஒரு பையன் இரண்டு வாரத்துக்குள் மூன்றாவது முறையாகக் கோடாலித் தைலம் வாங்க வந்தான்.

"யாருக்குத் தம்பி இவ்வளவு தைலம்?" என்றேன்.

"எனக்குத்தான் மாமு. காலில் லேசா வலி. வீட்டில் சொல்லிடாதீங்க."

"டாக்டரிடம் காட்டினாயா?"

"காட்டினா தரத்தைக் குறைச்சிடுவாங்க மாமு. கூட்டாளிங்க சிரிப்பாங்க. வாப்பாவும் சாக்குச் சொல்றேன்னு நினைப்பாங்க."

லேசான வலிக்கா மூன்று போத்தல்? காலை நீட்டச் சொன்னேன். விரல் பட்டதுமே முகத்தைச் சுளித்தான்; வலி ஒரே இடம். தைலத்தைக் கொடுக்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பினேன். (வியாபாரி இப்படிச் செய்யலாமா என்று என் பங்காளி இன்னும் கேட்கிறார்.) முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இதைப் பெற்றோர் நன்றாக மனத்தில் வைக்க வேண்டும்: விரிசல் விட்ட முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. "படத்தில் ஒன்றுமில்லை, எழுந்து ஓடு" என்று சொல்லிவிடக் கூடாது. வலி தீராததால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், விரிசல் தெரிந்தது. சேரும் நாளைத் தள்ளிவைத்தார்கள். பிறகு போய், மற்றவர்களைப்போலவே 24 கிலோமீட்டரையும் நடந்து முடித்தான்.

தைலம் தோலுக்குச் சூடேற்றும், சதை நோவை மறக்கச் செய்யும், எலும்பைக் கூட்டாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது இன்னும் மோசம். எச்சரிக்கை மணியின் வாயில் துணியை அடைத்துவிட்டு நெருப்பு அணைந்துவிட்டது என்று எண்ணுவதற்கு ஒப்பாகும்.

விரிசல் என்று டாக்டர் சொல்லிவிட்டால், கணைக்காலில் சாதாரணமாக ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கிடையாது; சில இடங்களில் அதற்கும் மேலாகும். ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் ஆனால், நடந்தாலும் அழுத்தினாலும் வலிக்காத நிலை வரும்வரை ஓட்டத்தை நிறுத்த வேண்டும். அதற்காகச் சோம்பிப் படுத்திருக்க வேண்டாம். நீச்சல் குளத்துக்குப் போகலாம், வலிக்காவிட்டால் சைக்கிள் மிதிக்கலாம். காலில் பாரம் விழாமலே மூச்சுப் பழக்கம் காக்கப்படும். புஷ்-அப், சிட்-அப்புக்கும் தடையில்லை. வலி அடங்கிய பிறகு மாடிப்படியின் ஓரத்தில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்கும் பயிற்சி கெண்டைச் சதையைப் பலப்படுத்தும்.

பிறகு திரும்பி ஓடும் முறை. முதலில் அரை மணி நேரம் வேகநடை. சில நாள் வலியில்லாமல் நடந்தால், ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பத்துத் தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். வாரத்துக்கு வாரம் ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டி நடையைக் குறைக்கலாம். மறுநாள் காலையில் வலி தெரிந்தால் முந்திய வாரத்து அளவுக்கு இறங்கிவிட வேண்டும். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டுவது கூடாது.

காலணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டக் காலணி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பார்கள். அண்ணன் தேய்த்துப் போட்டதைத் தம்பி மாட்டிக்கொண்டு ஓடுவது சிக்கனமாகாது. பட்டாளத்து பூட்ஸை முன்கூட்டியே வாங்கி அதில் ஓடிப் பழகுகிறேன் என்பதும் வேண்டாத வீரம். வயிற்றையும் கவனிக்க வேண்டும். எடை குறைய வேண்டுமென்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே ஓட்டத்தைக் கூட்டுகிற பிள்ளைக்கு எலும்பைப் பழுது பார்க்கச் சரக்கு எங்கிருந்து வரும்? பால், முட்டை, நெத்திலி, கீரை எல்லாம் வீட்டில் உள்ளவைதான்.

கடைசியாக, மருத்துவப் பரிசோதனை முடிந்த பிறகு காயம் பட்டால், "அப்போதே பார்த்துவிட்டார்களே" என்று சும்மா இருக்க வேண்டாம். சேரும் நாளுக்கு முன்பாகவே சி.எம்.பி.பி.க்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் கடிதம், எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ. அறிக்கை, வலி தொடங்கிய தேதி ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். நாள் மாற்றப்பட்டதாக அவர்களிடமிருந்து பதில் வரும்வரை பழைய நாளே கணக்கு. அந்த நாளில் போய் நின்று, அங்குள்ள மருத்துவ அதிகாரியிடம் அந்த உறையைக் கொடுக்க வேண்டியதுதான்.