போர்க்கால ஜீப்பா, பின்னால் வந்ததா?

கேள்வி: பழைய ஜீப் ஒன்று விலைக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால வண்டி என்கிறார்கள். நம்பலாமா? வாங்கியதும் பெயின்ட் அடிக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: முகப்பு கிரில்லைப் பாருங்கள். போர்க்காலத் தகட்டு கிரில்லில் ஒன்பது பிளவுகள். 1945 முதல் வந்த சிவிலியன் ஜீப்பில் ஏழுதான். ஆனால் கிரில்லை யாரும் மாற்றிவிடலாம். அதனால் குனிந்து, ரேடியேட்டருக்குக் கீழே சேஸின் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ் நிறுவனம் செய்தது. மடித்த தகட்டுச் சட்டம் என்றால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட் தலைகளில்கூட ‘எஃப்’ என்று பொறித்தது. துருவைத் துடைத்தால் தெரியும். அந்த போல்ட்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது! பெயின்டுக்கு அவசரம் வேண்டாம். பழைய பூச்சை மெல்லத் தேய்த்தால் அடியில் ராணுவ எண் கிடைக்கலாம். கிடைத்தால், முதலில் போட்டோ எடுத்து வையுங்கள்.