கலப்பு ஊடகக் கலையும் கல்லூரி மாணவரும்

கல்லூரி விழாக்களில் 'பயனற்றதிலிருந்து பயனுள்ளது' என்னும் போட்டி தவறாமல் இடம்பெறுவதை நாம் அறிவோம். வெறும் புட்டிக்குப் பட்டுத்துணி சுற்றி மணமகளாக்குவர். தேங்காய்ச் சிரட்டைக்கு வண்ணம் பூசி ஆமையாக்குவர். பழைய குறுந்தகடுகளை ஒட்டி மயில்தோகை விரிப்பர். நடுவர்கள் மகிழ்ந்து பரிசளிப்பர். விழா முடிந்த மறுநாள் அவை வந்த இடத்திற்கே, அதாவது குப்பைக்கே, திரும்பிச் செல்லும். இவற்றைக் காணும் பெரியவர்கள் சிலர், படிக்க அனுப்பிய பிள்ளை பசையும் கத்தரியுமாகப் பொழுதைக் கழிக்கிறதே என்று மனம் வருந்துவதும் உண்டு. அவ்வருத்தம் முற்றிலும் நியாயமற்றது என்று நாம் கூறமாட்டோம். ஆயின் பிழை எவ்விடத்தில் நேர்கிறது என்பதை ஆராய்தல் வேண்டும். காகிதம், கம்பி, துணி, இலை போன்ற எளிய பொருள்களை மாணவர் கையில் கொடுத்து, அவற்றை ஆழ்ந்த கல்வியாகவே மாற்றிக் காட்டிய கல்லூரிகள் உலகில் இருந்துள்ளன. அவற்றின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

வண்ணம், மை, காகிதம், துணி, மரம், உலோகம் முதலிய வெவ்வேறு பொருள்கள் ஒரே படைப்பில் இணைந்து நிற்பதைக் கலப்பு ஊடகக் கலை என்கிறோம். மேலைநாட்டுக் கலை வரலாற்றாசிரியர்கள் இதன் நவீனத் தொடக்கத்தை 1912 ஆம் ஆண்டில் வைத்துக் காண்பர். அவ்வாண்டில்தான் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டி, கயிற்றையே சட்டமாகச் சுற்றினார். அவருடைய நண்பர் பிராக், சுவரில் ஒட்டும் காகிதத்தை வெட்டித் தம் கரிக்கோட்டுச் சித்திரத்தில் பொருத்தினார்.

எனினும் ஒட்டுதலைக் கலையாகக் கொண்ட மரபு அதனினும் பன்னூறாண்டு பழைமையுடையது. பாரசீகத்திலும் துருக்கியிலும் முகலாயர் அரண்மனையிலும் 'முரக்கஃ' என்னும் தொகுப்பேடுகள் உருவாயின. ஓர் எழுத்தணிக் கலைஞரின் வரிகளை ஓரிடத்திலிருந்தும், ஒரு சித்திரத்தை வேறோரிடத்திலிருந்தும் எடுத்து, புதிய தாளில் ஒட்டி, பொன்துகள் தூவி, நீரில் வண்ணம் மிதக்கவிட்டு எடுத்த தாளால் ஓரம் கட்டுவர். ஜஹாங்கீருக்காக உருவான அத்தகைய ஏடு ஒன்று இன்று தெஹ்ரானில் குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் உள்ளது. முரக்கஃ என்னும் அரபுச் சொல்லுக்கு 'ஒட்டுப்போட்டது' என்பதே பொருள். ஸூஃபியர் அணிந்த ஒட்டுப்போட்ட அங்கிக்கும் இதே வேர்ச்சொல்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்து, காலணியைத் தாமே செப்பனிட்டுக் கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் அறிவோம். ஆதலின் ஒட்டுப்போடுதலை இழிவாகக் கருதும் பழக்கம் நம்மிடையே எப்படி வந்தது என்பது வியப்பிற்குரியது.

குப்பைமேட்டில் தொடங்கிய பாடம்

1919 ஆம் ஆண்டு ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் 'பவ்ஹவுஸ்' என்னும் கலைப்பள்ளியைத் தொடங்கினார். அங்கு 1920 இல் மாணவராகச் சேர்ந்தவர் ஜோசப் ஆல்பர்ஸ். அப்போது அவருக்கு வயது 32. பல்லாண்டு பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் மீண்டும் மாணவர் வரிசையில் அமர்ந்தார் என்பது நம் இளம் ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. முதல் உலகப்போருக்குப் பிந்தைய வறுமைக் காலம் அது. வண்ணமும் கண்ணாடியும் வாங்கக் கையில் பணமில்லை. அவர் ஒரு சுத்தியலையும் தோள்பையையும் எடுத்துக்கொண்டு ஊர்க் குப்பைமேட்டிற்குச் சென்றார். உடைந்த புட்டிகளின் சில்லுகளைப் பொறுக்கி வந்து, கம்பியிலும் ஈயத்திலும் பொருத்தி, ஒளி ஊடுருவும் கண்ணாடிப் படங்களைச் செய்தார். அச்சில்லுகளை அவர் பொம்மையாகவோ பூவாகவோ மாற்ற முயலவில்லை. பச்சைப்புட்டியின் பச்சையும் தடித்த அடிப்பாகத்தின் மங்கலும் அப்படியே நின்று ஒளியை வாங்கின. அம்முயற்சியைக் கண்ட பள்ளியினர் கண்ணாடிப் பட்டறையையே அவர் பொறுப்பில் விட்டனர். 1923 முதல் அவர் அங்கு ஆசிரியருமானார்.

அவருடைய வகுப்பு ஒன்றைப் பற்றி, அங்குப் பயின்ற ஹானஸ் பெக்மன் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பு புகழ்பெற்றது. ஆல்பர்ஸ் ஒருநாள் ஒரு கட்டுச் செய்தித்தாளுடன் வகுப்பிற்கு வந்தார். ஆளுக்குச் சில தாள்களை வழங்கினார். இத்தாள் இப்போது இருப்பதைவிட மேலான ஒன்றாக வேண்டும். ஆனால் தாளின் இயல்பை மதித்தே அதனைச் செய்யவேண்டும். இயன்றால் கத்தி, கத்தரி, பசை எதுவும் வேண்டா என்று கூறிவிட்டு வெளியேறினார். சில மணிநேரம் கழித்துத் திரும்பியபோது தரையெங்கும் கோட்டைகள், கப்பல்கள், விமானங்கள், விலங்குகள் நிறைந்திருந்தன. அவற்றை அவர் மழலையர் பள்ளி வேலை என்று ஒதுக்கினார். அவற்றை வேறு பொருள்களில் இதனினும் நன்றாகச் செய்யலாமே என்பது அவர் கேள்வி. பின்னர் ஹங்கேரி நாட்டு இளைஞர் ஒருவர் செய்ததைச் சுட்டிக்காட்டினார். அவ்விளைஞர் தாளை நீளவாட்டில் மடித்து, ஒரு தட்டிபோல் நிறுத்தி வைத்திருந்தார். அவ்வளவே. மேசைமேல் கிடக்கும்போது தாளின் ஒரு பக்கமே கண்ணுக்குத் தெரியும். நின்ற தாளிலோ இருபுறமும் தெரிகின்றன. எப்போதும் நாம் பாராத அதன் விளிம்பும் தெரிகிறது. மெலிந்து துவளும் தாள், ஒரு மடிப்பினால் தன் காலில் தானே நின்றுவிட்டது.

நம் கல்லூரிப் போட்டிகளில் புட்டியை மணமகளாக்கும் மாணவரும் கோட்டை கட்டிய அம்மாணவர்களும் ஒரே இனத்தவர். பொருளை மறைப்பதே திறமை என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டனர். புட்டி இருப்பதே தெரியாதபடி செய்தவருக்கு முதற்பரிசு கொடுக்கும் நடுவருக்கும் இதில் பங்குண்டு.

தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். இஸ்லாமியத் தமிழிலக்கியம் கற்பவர்க்கு இப்பாடம் புதிதன்று. மசலா, கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா என்பன அரபு, பாரசீகப் பெயர்கள். அப்பெயர்களோடே அவை தமிழ் யாப்பில் வந்து அமர்ந்தன. 1572 ஆம் ஆண்டின் ஆயிரமசலா முதல் இதனைக் காண்கிறோம். உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டைத் தமிழ்நாட்டு வயலும் வெள்ளமுமாகப் பாடினார். ஆயினும் காப்பியத்தினுள் அரபுப் பெயர்களையும் சொற்களையும் மூடி மறைக்கவில்லை. இருவேறு பொருள்கள் தத்தம் நிறம் கெடாமல் ஒரு நூலுக்குள் நிற்கின்றன. தமிழ் மாணவர் ஆல்பர்ஸின் வகுப்பில் அமர்ந்திருந்தால், ஆசிரியர் கேட்டதை விரைவில் விளங்கிக்கொண்டிருப்பர் என்றே தோன்றுகிறது.

பிளாக் மவுண்டன்

1933 இல் நாஜிகளின் நெருக்குதலால் பவ்ஹவுஸ் மூடப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மலைப்பகுதியில் பிளாக் மவுண்டன் என்னும் சிறு கல்லூரி தொடங்கப்பெற்றது. ஆங்கிலம் அதிகம் அறியாத ஆல்பர்ஸ், நெசவுக் கலைஞரான தம் மனைவி ஆனியுடன் அங்கு வந்து சேர்ந்தார். என்ன கற்பிக்கப் போகிறீர் என்ற வினாவிற்குக் கண்களைத் திறக்கச் செய்வதே தம் பணி என்னும் கருத்துப்பட விடையளித்தார். 1949 வரை அங்கேயே கற்பித்தார்.

அக்கல்லூரிக்குச் செல்வம் இல்லை. மாணவரும் ஆசிரியரும் பண்ணையில் உழைத்தனர்; கல்லூரிக் கட்டடத்தையும் தம் கைகளாலேயே எழுப்பினர். வகுப்பிற்கு வேண்டிய பொருள்களும் சுற்றுப்புறத்திலிருந்தே வந்தன. உதிர்ந்த இலை, மரப்பட்டை, முட்டையோடு, கம்பிவலை ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் சொரசொரப்பு மற்றொன்றின் வழவழப்பை எவ்வாறு மிகுவிக்கிறது என்று காண்பது ஒரு பயிற்சி. கடினமான பொருளை மென்மையாகத் தோன்றச் செய்க என்பது மற்றொன்று. இலையுதிர் காலத்து இலைகளை வண்ணத்தாள்களோடு ஒட்டி, ஒரே பழுப்பு நிறம் சிவப்பின் அருகில் ஒருவிதமாகவும் நீலத்தின் அருகில் வேறுவிதமாகவும் தோன்றுவதை ஆராய்ந்தனர். 1963 இல் வெளிவந்த, நிறங்களின் உறவு பற்றிய அவருடைய புகழ்மிக்க நூல் இத்தகைய மாணவர் பயிற்சிகளின் விளைவே. வகுப்பு முடிவில் எல்லாருடைய படைப்புகளையும் தரையில் பரப்பிவைத்து, ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பேசுவது அவர் வழக்கம்.

இப்பயிற்சிகளில் உயிரினங்களின் உருவம் வரைய வேண்டிய தேவையே எழுவதில்லை என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். உருவம் வரைதல் குறித்த மார்க்கத் தயக்கத்தால் ஓவிய வகுப்பின் வாசலிலேயே நின்றுவிடும் மாணவ மாணவியர் நம்மிடையே உளர். அவர்தம் மனச்சான்றுக்கு இடர் செய்யாமல் கலைக்கல்வி முழுவதையும் வழங்க இவ்வழி உதவும். பெற்றோர்களும் பள்ளிவாசல் பெரியவர்களும் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டுகிறோம்.

அங்குப் பயின்றவருள் ரூத் அசாவா என்னும் மாணவியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். கலிபோர்னியாவில் 1926 இல், ஜப்பானிலிருந்து குடியேறிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுமியாக இருந்தபோது, குதிரை இழுக்கும் பரம்புப் பலகையின் பின்புறம் அமர்ந்து, தொங்கும் கால்களால் மணலில் வளைகோடுகள் போட்டு வருவாராம். 1942 இல், போர்க்காலத்தில், ஜப்பானிய வழியினர் என்னும் ஒரே காரணத்திற்காக அக்குடும்பம் சிறை முகாமுக்கு அனுப்பப்பட்டது. முதலில் தங்கவைத்த இடம் ஒரு பந்தயத்திடலின் குதிரை லாயம். அங்கு அடைபட்டிருந்த ஓவியர்களிடமே அவர் வரையக் கற்றார். பின்னர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். ஜப்பானியப் பெண்ணைப் பள்ளிகள் ஏற்கமாட்டா என்று கூறிக் கற்பித்தல் பயிற்சிக்கு இடம் மறுத்துவிட்டனர். பட்டம் பெறாமலே அங்கிருந்து வெளியேறி, 1946 இல் பிளாக் மவுண்டன் வந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலைகளுள் ஒன்று சலவையறைப் பணி. கல்லூரித் துணிகளில் அடையாளமிடும் ரப்பர் முத்திரை ஒன்று அங்கிருந்தது. கல்லூரிப் பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் அதில் இருந்தன. அம்முத்திரையைத் துணியில் திரும்பத் திரும்பப் பதித்து, எழுத்துகள் அலையாய் மடிந்து விரியும் ஒரு கோலத்தை அவர் உருவாக்கினார். எழுத்தணிக் கலையில் பழகிய நம் கண்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. 1947 இல் மெக்சிகோவின் தொலூக்கா நகரில், முட்டை வைப்பதற்காகக் கம்பியை வளையம் வளையமாகக் கோத்துச் செய்யும் கூடைகளைக் கண்டு, அம்முறையை அவ்வூர்க் கைவினைஞரிடம் கற்றார். அக்கம்பிப் பின்னலே அவர் வாழ்நாள் கலையாயிற்று. ஒன்றனுள் ஒன்றாகத் தொங்கும் அவ்வடிவங்களின் உட்புறமும் வெளிப்புறமும் ஒருங்கே தெரியும். சுவரில் விழும் நிழலும் படைப்பின் பகுதியாகும். நின்ற செய்தித்தாளின் பாடம் அங்கே கம்பியில் தொடர்வதைக் காணலாம்.

ஆசிரியராக விடாமல் தடுக்கப்பட்ட அவர், 1968 இல் சான் பிரான்சிஸ்கோவில் தம் பிள்ளைகள் பயின்ற பள்ளியிலேயே கலைப் பட்டறை ஒன்றைத் தொடங்குவதற்கு முன்னின்றார். பால் பெட்டி, முட்டை அட்டை, துணித்துண்டு, மாவும் உப்பும் நீரும் சேர்த்துப் பிசைந்த கலவை ஆகியவையே மூலப்பொருள்கள். 1973 இல் அந்நகரில் அமைந்த நீரூற்று ஒன்றிற்காக, சிறுவரும் பெரியவருமாகப் பலர் அம்மாவில் வடித்தவற்றையே வெண்கலத்தில் வார்த்தார். 2010 இல் அந்நகரின் அரசுக் கலைப்பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2013 இல் அவர் மறைந்தார்.

அவருடன் பயின்ற ராபர்ட் ராவ்ஷன்பர்க் வேறு வகையினர். 1948 இல் அங்குச் சேர்ந்த அவருக்கும் கண்டிப்பான ஆல்பர்ஸுக்கும் மனம் ஒத்துப்போகவில்லை. எனினும் தம் ஆசிரியருள் முதன்மையானவர் அவரே என்று பின்னர்க் கூறினார். தலையணையையும் மெத்தைவிரிப்பையும் சட்டத்தில் பொருத்தி 1955 இல் அவர் செய்த 'படுக்கை' உலகப்புகழ் பெற்றது. பாடஞ்செய்த ஆட்டின் இடுப்பில் டயரை மாட்டிய மற்றொரு படைப்பு நமக்கு அத்துணை உவப்பாக இல்லை. ஆனால் 1975 இல் அவர் அகமதாபாத் வந்து, காந்தி ஆசிரமத்துக் காகித ஆலையில் தங்கிச் செய்த பணி நமக்கு மிக நெருக்கமானது. காகிதக் கூழோடு வெந்தயப் பொடி, புளியங்கொட்டைப் பொடி, சுண்ணப்பொடி, பசை ஆகியவற்றைக் கலந்த மண் கலவையால் அவர் சில படைப்புகளைச் செய்தார். பழைய தாள்களை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, முறம் மெழுகவும் கூடை செய்யவும் அறிந்த நம் வீட்டு மூதாட்டியர் அதனைப் பார்த்திருந்தால் பக்குவம் குறைவு என்று திருத்தியிருப்பர்.

நம் கல்லூரிகளில் இவ்வகுப்பை நடத்துவோர் ஒன்று செய்யலாம். போட்டிக்கு 'என்ன செய்தாய்' என்னும் தலைப்பைக் கொடாமல், ஒரே ஒரு பொருளை அனைவர்க்கும் கொடுக்கலாம். தென்னை ஈர்க்கு ஒரு வாரம், பனையோலை ஒரு வாரம், தையற்கடை வெட்டுத்துணி ஒரு வாரம். ஓலை எத்திசையில் கிழியும், நனைத்தால் எப்படி வளையும், எவ்வளவு சுமை தாங்கும் என்பனவற்றைச் செய்து பார்த்து ஏட்டில் எழுதிய பின்னரே அடுத்த பொருளோடு இணைக்க விடவேண்டும். மதிப்பெண்ணில் ஒரு பகுதி அவ்வேட்டிற்கு உரியதாகுக. தோற்றுப்போன முயற்சிகளும் அதில் பதிவாகட்டும். படைப்பைப் பார்க்க வரும் பெற்றோரிடம் மாணவரே அவ்வேட்டைக் காட்டி விளக்குவாராயின், பசையும் கத்தரியும் பற்றிய மனக்குறை பெரிதும் நீங்கும்.

படைப்புகளை உடனுக்குடன் நிழற்படம் எடுத்து வைத்தலும் இன்றியமையாதது. செய்தித்தாள் மஞ்சளாகி நொறுங்கும், இலை உதிரும். பவ்ஹவுஸ் மாணவர் மடித்த தாள்களைப் பெரும்பாலும் நாம் இன்று அறிவது, அக்காலத்தில் எவரோ அவற்றை மேசைமேல் நிறுத்தி எடுத்துவைத்த கறுப்பு வெள்ளைப் படங்களின் வாயிலாகவே.