மந்தைவெளியிலிருந்து சிங்கப்பூர்: நேரம் கணக்கிடுவது எப்படி?

சிங்கப்பூருக்குப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்புகிறவர்களை டிக்கெட்டே குழப்பிவிடும். உதாரணத்துக்கு, சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பாடு, அங்கே காலை 6 மணிக்கு இறக்கம். திரும்பும்போது இரவு 8க்கு ஏறினால் 9.45க்கே மீனம்பாக்கம். போக ஆறே முக்கால் மணி, வர ஒன்றே முக்கால் மணியா? இரண்டுமே நாலேகால் மணி நேரப் பயணம்தான்.

முதலில் தூரம். மீனம்பாக்கத்துக்கும் சாங்கிக்கும் அட்சரேகையில் 11.6 பாகை, தீர்க்கரேகையில் 23.8 பாகை வித்தியாசம். பாகைக்கு 110 கிலோமீட்டர் என்று இரண்டையும் பெருக்கி, பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்கில் போட்டால் சுமார் 2,900 கிலோமீட்டர் வரும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களுக்கு மட்டுமே இந்தக் குறுக்குவழி. டோக்கியோவுக்குப் போட்டால் உதைக்கும்.

அடுத்து, தூரத்தை மணிக்கு 840 கிலோமீட்டரால் வகுங்கள். மூன்றரை மணி நேரம். ஏற, இறங்க அரை மணி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போக கால் மணி சேர்த்தால் நாலேகால். ஆடி மாதத்தில் போகும்போது கொஞ்சம் கூடும், வரும்போது குறையும். அந்தப் பருவத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும். 1950களில் அதை ஆராய்ந்து எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம்.

பிறகு கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். போகும்போது டிக்கெட்டில் தெரியும் நேரத்தில் இரண்டரையைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். 1981 வரை வித்தியாசம் இரண்டு மணிதான். 1982 ஜனவரி 1 அன்று அவர்கள் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள்.

இனிதான் அசல் கணக்கு. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். மந்தைவெளி பறக்கும் ரயில் விமான நிலையத்துக்கு நேராகப் போகாது. பெட்டி குறைவென்றால் நந்தனம் வரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ. ஆனால் மெட்ரோ காலை 5 முதல் இரவு 11 வரைதான். மாலையில் காரில் போவதானால் ஒன்றேகால் மணி வைத்துக்கொள்ளுங்கள், ஆர்.கே. மடம் சாலையில் மெட்ரோ வேலைக்காக வழியை எப்போது மாற்றுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆக 11.15 விமானத்துக்கு ஏழு மணிக்கே வீட்டைப் பூட்ட வேண்டும். சாங்கியில் வெளியே வர ஒரு மணி நேரம் பிடித்தால், மொத்தம் ஒன்பதரை மணி நேரம். ராச்சாப்பாட்டை முடித்துக்கொண்டோ கட்டிக்கொண்டோ கிளம்புங்கள்.

விசா கையில் இருந்தாலும், சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

கடைசியாக, தேதி. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 என்று இருந்தால், நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி இரவு. காலண்டரில் 14ஐ வட்டமிட்டு வையுங்கள்.